ஆபத்து டிரம்மைத் தின்றவர்கள்

என் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் செக்சனில் வேலை பார்க்கிறாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வருவதற்குள் அவசரக் கதவை மறைத்து அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் கத்தரிக்கோலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை விசிலடித்து அத்தனை பேரையும் மெஷினை விட்டு எழுப்பி, மைதானத்தில் வரிசையாக நிறுத்தித் தலையை எண்ண வேண்டும். இதெல்லாம் அவள் பொறுப்பு. வாரத்தில் ஆறு நாள் இதையே செய்கிறவள் ஏழாவது நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

நான் வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அருள்புரத்தை ஒட்டி, ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு. ஆறு சென்ட் இடம். கட்டும்போது தரையை ரோட்டைவிட நாலடி உயர்த்தியே ஆக வேண்டும் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். "கோயிலா கட்டறீங்க அம்மிணி?" என்று மேஸ்திரி கேட்டுச் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மேஸ்திரி சிரித்ததை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள்.

ஒரு கோடையில் பன்னிரண்டு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதே சமயத்தில் கேஸ் சிலிண்டரும் தீர்ந்து, அடுத்தது வரத் தாமதமானது. பதின்மூன்றாம் நாள் காலை, குடத்தில் தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நாளைக்கே ரோடு அடைச்சுப் போச்சுன்னா நம்ம ஊட்டுல எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"முக்குல இருக்கற பேக்கரி தொறந்திருக்கற வரைக்கும் தாங்கும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினாள். மொட்டை மாடி மழைநீரைப் பிடிக்கத் தொட்டி வந்தது. எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிகளுக்குள் பாலிதீன் விரித்து, மண் நிரப்பி, கீரையும் தக்காளியும் போட்டாள். பப்பாளி இரண்டு, முருங்கை ஒன்று. பின்பக்கம் ஒரு கொட்டகையில் பத்து நாட்டுக்கோழிகளும் ஒரு விறகடுப்பும்.

கோழிகளுக்கு என் மாமனார் பொறுப்பு என்று அறிவித்தாள். மாமியார் போன பிறகு அவர் எங்களோடுதான் இருக்கிறார். "பல்லடத்துக்காரனுக்குக் கோழி வளக்கச் சொல்லித் தரணுமா?" என்று மார்தட்டித்தான் ஏற்றுக்கொண்டார். ஆனால் கோழிப்பண்ணைக்குப் பேர்போன பல்லடத்தில் அவர் நாற்பது வருஷம் ஓட்டியது விசைத்தறி. கோழி ஒன்று றெக்கையை விரித்தால் இரண்டடி பின்னால் போவார். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் அவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரகசியம் பேசத் தெரியாது. அவர் குசுகுசுவென்று சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வது பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

அதற்கப்புறம் டிரில். மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூன்று சின்ன விசில், ஒரு நீள விசில். நாங்கள் எங்கிருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு வந்து முன்வாசல் முருங்கை மரத்தடியில் நிற்க வேண்டும். பிளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் வீட்டின் வரைபடத்தை அம்புக்குறிகளோடு வரைந்து ஹாலில் ஒட்டியிருந்தாள். முதல் டிரில்லில் நானும் மகளும் மரத்தடிக்கு வந்துவிட்டோம். மாமனாரைக் காணோம். தேடிப் பார்த்தால் பாத்ரூமில் தாழ் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தீப்புடிச்சா தண்ணி இருக்கற எடத்துல இருக்கறதுதானுங் கண்ணு புத்திசாலித்தனம்?" என்றார் மகளிடம்.

என் மனைவி கையிலிருந்த அட்டையில் எதையோ எழுதிக்கொண்டாள். இரண்டாவது டிரில்லில் நான் லுங்கியோடு டீ டம்ளரையும் எடுத்துக்கொண்டு வந்தேன் என்று என்னைப் பற்றியும் எழுதினாள்.

கடைசியாக வந்தது அந்த நீல டிரம். இடுப்பளவு உயரம், இறுக்கமான மூடி, மேலே இரும்பு வளையம். மாடிப்படிக்குக் கீழே அதை நிறுத்தி, அடுப்பு இல்லாமல் தின்னக்கூடிய சாமான்களாகப் பார்த்து நிரப்பினாள். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், வறுகடலை, பிஸ்கட், அவல், வெல்லம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டலம், ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதிய சீட்டு. மூடியைச் சுற்றிப் பழுப்பு நிற டேப் ஒட்டி எங்களை அழைத்துச் சொன்னாள்.

"ஆபத்து வந்தாத்தான் இதைத் தொறக்கோணும். சொல்லிப்போட்டேன்."

எங்களுக்கு ஆபத்து மூன்றாவது வாரமே வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மத்தியானம். அவளுக்குக் கம்பெனியில் ஆடிட், மகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். எனக்கு அரை நாள் லீவு. மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால் வீட்டில் இனிப்பே கண்ணில் படாது. வெறும் டீயை உறிஞ்சிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தபோது அவர் மாடிப்படியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மாப்ள, உள்ள இருக்கறது நமுத்துப் போச்சா இல்லையான்னு யாராச்சும் பாக்கோணுமில்லீங்?" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. டேப்பை உரித்து ஒரே ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் எடுத்தோம். நமுத்துப் போகவில்லை. அவர் அளவாகத் தின்றார், நான் அளவில்லாமல் தின்றேன். என் பைக்குள் கம்பெனி டேப் இருந்ததால் மறுபடி ஒட்டுவது சுலபமாக இருந்தது. திங்கட்கிழமை புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டும் என்று இருவரும் மனப்பூர்வமாகத்தான் பேசிக்கொண்டோம்.

அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

ஒரு சங்கடம் இருந்தது. மாதம் ஒருமுறை அவள் டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்து, கனத்தைப் பார்ப்பாள். திறக்க மாட்டாள். ஆகவே எடுத்த இடத்தில் எதையாவது வைத்தாக வேண்டும். என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. கட்டிங் டேபிளில் கழுத்து வளைவை வெட்டினால் விழும் பிறைத்துண்டுகள், கை வெட்டினால் விழும் முக்கோணங்கள் எல்லாவற்றையும் அடுக்கி, மிட்டாய்ப் பொட்டலத்தின் அளவுக்கே மடித்து, பழைய சீட்டையே மேலே ஒட்டினேன். துணி லேசாக இருக்கிறதே என்று மாமனார் கவலைப்பட்டார். ஓடைக்கரையில் பொறுக்கிய கூழாங்கற்களை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நடுவில் அவரே வைத்தார். மனைவி சமையலறையில் மிக்சி ஓட்டும்போது மட்டுமே நாங்கள் இதைப் பற்றிப் பேசினோம். அந்தச் சத்தத்தில்தான் அவர் குசுகுசுப்பு அடங்கும். நாலு மாதத்தில் மேலடுக்கில் இருந்த அவலும் ஒரு பேரீச்சம்பழப் பொட்டலமும் தவிர மற்றதெல்லாம் எங்கள் வயிற்றுக்குள் போயிருந்தன. நான் அந்தப் பொட்டலங்களைக் கட்டிய நேர்த்தியைப் பற்றி எனக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஞாயிறு விடிந்தும் விடவில்லை. கரண்ட் முந்தின நாளே போய்விட்டது. காலை ஆறரைக்கு நான் ஜன்னலோரம் நின்று பார்த்தபோது ஓடை இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீடு உண்டு, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக எட்டு அறைகள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பாதி, வடக்கே பீகாரிலிருந்து வந்தவர்கள் பாதி. எல்லோருமே பனியன் கம்பெனி ஆட்கள். அந்த அறைகளின் வாசல்படியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. உள்ளே பலர் ஞாயிறு என்று இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி மொட்டை மாடிக்கு ஓடினாள். மூன்று சின்ன விசில், ஒரு நீள விசில்.

நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எட்டுக் கதவும் திறந்தன. கூச்சல் இல்லை, குழப்பம் இல்லை. ஆணும் பெண்ணுமாகக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் வரிசையாக நடந்து நேரே எங்கள் முருங்கை மரத்தடிக்கு வந்து நின்றார்கள். நாங்கள் முதல் ஞாயிறுகளில் அங்கே நிற்பதைச் சுவருக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் அவர்கள். ஆனால் கம்பெனியில் பழகிய கால், விசில் கேட்டால் தானாக நடக்கிறது. பின்வரிசையில் ஒருவர் எண்ணுவதற்கு வசதியாகக் கையைக்கூடத் தூக்கினார். என் மனைவி எண்ணினாள். இருபத்திமூன்று பேர்.

"அங்கயே நிக்காதீங்க, மேல ஏறி வாங்க!" என்று கத்தினாள்.

நாலடி உயரத்தின் அருமை எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹால், படுக்கையறை, மாடிப்படி எல்லாம் ஆட்கள். ஈரத் தலைகளைத் துவட்ட ரிஜெக்ட் ஆன டீசர்ட்டுகள் வீட்டில் ஏராளமாக இருந்தன. அவற்றை மகள் வினியோகித்தாள். ஒரு சுற்று டீ ஆனது. இரண்டாவது சுற்றில் பாதியிலேயே அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. அடுத்த சிலிண்டருக்குப் பதிவு செய்து நாலு நாளாகியும் வரவில்லை. இனி அந்த ரோட்டில் எந்த வண்டி வரும்? பின்பக்க விறகடுப்பு தண்ணீருக்குள் இருந்தது. குழந்தைகளில் ஒன்று பசிக்கிறது என்று அழத் தொடங்க, மற்றவையும் சேர்ந்துகொண்டன.

என் மனைவியின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்தேன். வருஷக்கணக்காகக் காத்திருந்த முகம் அது.

"யாரும் கவலைப்படாதீங்க. டிரம் இருக்குதுங்க" என்றாள்.

நான் மாடிப்படிக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"இப்பவே எதுக்குப் புள்ள? இதைவிடப் பெரிய ஆபத்து வந்தா?" என்றேன்.

"இருபத்திமூணு பேரு ஊட்டுக்குள்ள நிக்கறாங்க. இதுக்கு மேல என்னுங்க வரோணும்? புடிங்க, ஹாலுக்குக் கொண்டாரலாம்."

நானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். கனமாகத்தான் இருந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே திடீரென்று ஆழ்ந்த தூக்கத்துக்குப் போய்விட்டார். அவள் டேப்பை உரித்தாள், வளையத்தைக் கழற்றினாள். அவலையும் பேரீச்சம்பழத்தையும் எடுத்து வைத்தாள். அடுத்து "கடலை மிட்டாய்" என்று சீட்டு ஒட்டிய பொட்டலத்தை எடுத்து, அழுதுகொண்டிருந்த குழந்தையிடம் சிரித்தபடி பிரித்தாள்.

பிறைத்துண்டுகள் அவள் மடியில் கொட்டின. நடுவிலிருந்து கூழாங்கல் ஒன்று உருண்டு தரையில் டக்கென்று விழுந்தது.

அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும். ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"நூத்தி எண்பது ஜிஎஸ்எம், சிங்கிள் ஜெர்சி" என்று துணியின் கனத்தையும் ரகத்தையும் மெதுவாகச் சொன்னாள். "இது எங்க கம்பெனித் துணி இல்லீங்க. உங்க கம்பெனித் துணி."

நான் வாயைத் திறப்பதற்குள், தூங்கிக்கொண்டிருந்த மாமனார் கண்ணைத் திறக்காமலே என் பக்கம் சாய்ந்து குசுகுசுத்தார்.

"மாப்ள, எலி தின்னுபோச்சுன்னு சொல்லீருங்க!"

மாடிப்படியில் கடைசியாக நின்றவருக்கும் அது கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, லைன் வீட்டுத் தூத்துக்குடி அக்காதான் முதலில் சிரிப்பில் வெடித்தது. ஓவர்லாக் டெய்லர், வாய் சும்மா இருக்காது.

"எக்கா, ஒங்க ஊரு எலி நல்ல எலியால்லா இருக்கு! தின்னுட்டு, துணியையும் கல்லையும் வச்சுப் பொட்டலங் கட்டி, சீட்டும் ஒட்டிருக்கு பாருங்க!"

இருபத்திமூன்று பேரும் சிரித்தார்கள். தமிழ் புரியாதவர்கள்கூட, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். என் மகள் டீசர்ட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. டிரம்மைக் கவிழ்த்து மிச்சத்தையும் கொட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கோழிக்கொட்டாய்க்குள்ள தண்ணி ஏறுது. டிரம் சும்மாத்தானுங்க இருக்குது. எடுத்துட்டுப் போங்க."

ஆகவே நான் தொடையளவு தண்ணீரில் நீல டிரம்மை மிதக்கவிட்டுப் பின்பக்கம் போனேன். கோழிகள் கொட்டகையின் மூங்கிலில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து டிரம்முக்குள் போட வேண்டும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று எகிறி வெளியே வரும். ஒரு சேவல் என் தலைமேல் நின்றுகொண்டு இறங்க மறுத்தது. மாடியிலிருந்து குழந்தைகள் "அங்கிள், லெஃப்ட்ல! அங்கிள், பின்னாடி!" என்று கத்தின. ஒருவழியாக மற்ற ஒன்பதையும் அடைத்து, டிரம்மைத் தள்ளிக்கொண்டு, சேவலைத் தலையிலேயே வைத்துக்கொண்டு படியருகே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அழுத குழந்தைகள் பசியை மறந்திருந்தன. போகிற வழியில் பழுத்திருந்த நாலு பப்பாளியையும் பறித்து வரச் சொன்னாள் என் மனைவி. அதற்கு மறுபடி ஒரு நடை.

நான் ஈரத்தோடு திரும்பி வந்தபோது ஹாலில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பீகார்ப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, கிளம்பும்போது கையோடு கொண்டுவந்த துணிமூட்டையை அவிழ்த்து ஒரு எவர்சில்வர் தூக்கை வெளியே எடுத்தாள். உள்ளே வெளிர் மஞ்சளாக மாவு.

"அக்கா, சத்து" என்றாள். அடுப்பைக் காட்டிக் கையை ஆட்டினாள். "கேஸ் வேணாம். நெருப்பு வேணாம்."

பிறகு, லைன் வீட்டுப் பிள்ளைகளிடம் கொஞ்சம் இந்தி பழகியிருந்த என் மகளிடம் எதையோ கேட்டாள். மகள் சமையலறைக்கு ஓடி வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, எலுமிச்சை எல்லாம் கொண்டுவந்தாள். அது வறுத்த கடலை மாவுதான், அவர்கள் ஊரில் அதற்குப் பெயரே சத்து. இதற்குள் லைன் வீட்டு வடக்கத்திப் பெண்கள் இன்னும் இரண்டு தூக்குகளைத் திறந்திருந்தார்கள். எங்கள் பெரிய தாம்பாளத்தில் மாவைக் கொட்டி, வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, எங்கள் மாங்காய் ஊறுகாய் ஜாடியிலிருந்து எண்ணெயை ஊற்றி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார்கள். உருண்டை உருண்டையாகப் பிடித்து எல்லோர் கையிலும் வைத்தார்கள்.

என் மனைவி ஒரு வாய் கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"இதை எத்தனை நாளைக்கு வெச்சிருக்கலாம்?"

"மூணு மாசம், நாலு மாசம்" என்றாள் அந்தப் பெண், விரலைக் காட்டி. "என் புருசன் டிரெயின்ல வரும்போது மூணு நாளும் இதுதான்."

"காலங்காலமா டிரில் நடத்தறது நானு. தயாராக் கெளம்பி வந்தது இவ" என்றாள் என் மனைவி தூத்துக்குடி அக்காவிடம். அப்போதுதான் அவள் சிரித்தாள். மாமனாருக்குத் தூக்கம் தெளிந்துவிட்டது. காரம் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே ஐந்து உருண்டை தின்றார். எனக்கு இரண்டுதான் கிடைத்தன. நான் மூன்றாவது கேட்கவில்லை.

சாயங்காலம் மழை விட்டது. மறுநாள் மத்தியானம் தண்ணீர் வடிந்து, எல்லோருமாகச் சேர்ந்து லைன் வீட்டுச் சேற்றை வழித்துக் கழுவினோம். தூத்துக்குடி அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அண்ணே, எலி வருதாம்" என்றது. வடக்கத்திக் குழந்தைகளும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லை நன்றாகக் கற்றுக்கொண்டன.

என் மனைவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் துணி காயப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"போன மாசம் டிரம்மைச் சாச்சுப் பாத்தனுங்க. முன்னைவிடக் கனமா இருந்துச்சு. நீங்களும் அப்பாவும் எனக்குத் தெரியாம இன்னுங் கொஞ்சம் வாங்கி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அன்னிக்குப் பூரா கம்பெனில எனக்கு வேலையே ஓடல. அத்தனை சந்தோசம்."

கூழாங்கற்களில் மாமனார் தாராளமாக இருந்துவிட்டார் என்று நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்? அவள் திட்டியிருந்தால் தேவலை. கிளிப்பை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் நீட்டிக்கொண்டே நின்றேன். "தப்புத்தான் புள்ள" என்றேன் கடைசியில். "தெரியுது" என்றாள். மாமனாரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பிறகு லைன் வீட்டுப் பெண்களும் அவளும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் எலித் தொல்லை என்பதால், வீட்டுக்கு ஒரு சாமான். மூன்று அறைகளில் சத்து மாவு, தூத்துக்குடி அக்காவிடம் கருவாடும் மெழுகுவத்தியும், இன்னொரு அறையில் மருந்துப் பெட்டி. எங்கள் வீட்டின் பொறுப்பு தண்ணீரும், நிரப்பிய சிலிண்டர் ஒன்றும். தின்ன முடியாத பொருளாகப் பார்த்துத்தான் எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது எனக்கும் புரிகிறது.

சிலிண்டரை நம்பியும் பிரயோசனமில்லை என்று இப்போது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பல்லடம் ரோட்டில் ஒரு தோட்டத்தில் சாண எரிவாயுக் குழியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாணத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். அதற்குப் பதிலாகப் போன ஞாயிறு என்னை வண்டியில் ஏற்றி ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு காராம்பசு நின்றிருந்தது. தோட்டக்காரரிடம் ஈற்று எத்தனை, தீனி எவ்வளவு, சாணி ஒரு நாளைக்கு எத்தனை கூடை என்று ஆடிட்டர் மாதிரி வரிசையாகக் கேட்டாள். அவர் பதில் சொல்லச் சொல்ல அந்த மாடு மெதுவாக அசைபோட்டுக்கொண்டு என்னையே பார்த்தது.

"அள்ளறது யாருங்க அம்மிணி?" என்று தோட்டக்காரர் கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதுக்கு ஆள் இருக்குதுங்க" என்றாள்.